கொடியில் புலி போதாது

சோழர் கப்பல் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரியாத பொருளுக்கு மாதிரி செய்யும்போது கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும். இப்படியொரு பேச்சு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. மேடையில் நினைவுப் பரிசு கொடுக்கிறவர், வரவேற்பறைக்கு வாங்குகிறவர், பள்ளிக் கண்காட்சிக்குச் செய்துவரச் சொல்கிறவர் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். இதற்குத் துணையாக இன்னொரு பேச்சும் உண்டு. பெரம்பலூரும் அரியலூரும் கடல் இல்லாத மாவட்டங்கள். அங்கேயுள்ள மரச்சிற்பிகள் சாமியும் தேரும் செய்யட்டும், கப்பல் அவர்கள் வேலை இல்லை என்பது அது. இரண்டுமே தவறு. முதலாவது தவறு மட்டுமில்லை, கெடுதலும்கூட.

2022, 2023ஆம் ஆண்டுகளில் ‘பொன்னியின் செல்வன்’ படங்கள் வந்தன. 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை விழா, ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்புக்கு ஆயிரம் ஆண்டு என்ற கணக்கோடு பெரிதாக நடந்தது. பிரதமர் வந்தார், நினைவு நாணயம் வெளியிடப்பட்டது. ‘சோழர் கப்பல்’ என்று மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் கிடைக்கிற பொம்மைகளுக்கு இப்போது கிராக்கி. அவற்றில் ஒன்றை எடுத்து உற்றுப் பாருங்கள். பின்பக்கம் அடுக்கடுக்காக அறைகள், பக்கவாட்டில் வரிசையாகச் சதுரத் துளைகள். அந்தத் துளைகள் பீரங்கிக்கு. ராஜேந்திரன் காலத்துக் கப்பலில் பீரங்கி ஏது? அது பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியப் போர்க்கப்பல். கொடியிலும் பாயிலும் புலியை வரைந்தவுடன் சோழருடையதாகிவிட்டது. வடிவம் தெரியாது என்று அடக்கமாகச் சொன்னவர்கள்தாம், தெரியாத இடத்தை ஐரோப்பியனின் கப்பலால் நிரப்பி வைத்திருக்கிறார்கள்.

இதைவிட நாசூக்கான தவறும் உண்டு. ஒரு அருங்காட்சியகத்தில் உள்ள கப்பல் மாதிரியின் படம், பூம்புகாருக்கு அப்பால் கடலடியில் கிடைத்த சோழர் கலத்தின் எச்சத்தைக் கொண்டு செய்தது என்ற குறிப்போடு வெகுகாலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பூம்புகாருக்கு அப்பால் கப்பல் எச்சம் கிடைத்தது உண்மை. தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் மூழ்கிப் பார்த்தார்கள். கிடைத்தவற்றில் ஈயக் கட்டிகள் முக்கியமானவை. அவற்றின்மேல் ஆங்கிலேயர் ஒருவரின் பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் அச்சாகியிருந்தன. கடைசிச் சோழன் போய் ஐந்நூறு ஆண்டுக்கு மேல் கழித்து மூழ்கிய கப்பல் அது. அந்தக் குறிப்பை யாரும் சோதிக்கவில்லை. மாதிரி என்பது அலங்காரம்தானே, அலங்காரத்தில் பொய் என்ன, மெய் என்ன என்கிற மனநிலைதான் காரணம்.

‘சான்றே இல்லை’ என்ற வாதத்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். சோழர் கப்பல் என்று அடையாளம் காணப்பட்ட எச்சம் எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மெய்க்கீர்த்தி, ராஜேந்திரன் பல கலங்களைக் கடலில் செலுத்தியதைச் சொல்கிறது; கலத்தின் நீள அகலத்தைச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடலில், அந்த நூற்றாண்டுகளை ஒட்டி ஓடிய கலங்களைப் பற்றி நமக்கு நிறையவே தெரியும். இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998இல் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கலம், ஆணி இல்லாமல் கயிற்றால் தைக்கப்பட்டது. கேரளத்தில் சேர்த்தலைக்கு அருகே கடக்கரப்பள்ளியில், வயல் மண்ணுக்கடியிலிருந்து 2002-03இல் எடுத்த இடைக்காலக் கலம், தட்டையான அடியும் இரும்பு ஆணியும் கொண்டது. ஜாவாவின் போரோபுதூர்க் கல்லில் புறமிதவை கட்டிய கப்பல்கள் இருக்கின்றன. அஜந்தாச் சுவரில் மூன்று பாய்மரக் கப்பல் ஒன்று இருக்கிறது. பிற்காலத்தது என்றாலும் தரங்கம்பாடிப் பக்கத்துக் ‘கப்பல் சாத்திரம்’ சுவடி 1950இல் சென்னையில் அச்சாகியிருக்கிறது. சென்னையில் துறைமுகம் கட்டும்வரை அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய மசூலாப் படகு, பலகையோடு பலகை தைத்த படகுதான். இவ்வளவையும் மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றுமே தெரியாது என்பவர், தேட விரும்பவில்லை என்பதைத்தான் வேறு சொற்களில் சொல்கிறார்.

தைத்தது ஒன்று, ஆணி அடித்தது ஒன்று, புறமிதவை கட்டியது ஒன்று. சான்றுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவே என்று கேட்கலாம். முரண்படுகின்றன. மாதிரி செய்வதற்கான தேவையே அங்கேதான் பிறக்கிறது.

கடையில் வாங்கும் கப்பல் மாதிரித் தொகுப்புப் பெட்டிக்கும், மரத்திலிருந்து தொடங்கிக் கட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுப் பெட்டியைத் திறந்தால் முதலில் வருவது ஏரா என்னும் அடிமரம்; அதன்மேல் நிறுத்த வேண்டிய வங்குகள் என்னும் விலாக்கட்டைகள் இயந்திரத்தில் வெட்டி வரிசையாக எண் போட்டு வந்திருக்கும். வங்கை நிறுத்தி, அதன்மேல் பலகை ஒட்ட வேண்டும். எலும்பு முதலில், தோல் பிறகு. ஐரோப்பாவில் பெரிய கப்பல்கள் கடந்த ஐந்நூறு ஆண்டுகளாக அப்படித்தான் கட்டப்பட்டன. நம் கடலின் தைத்த கலங்களில் வரிசை நேர்மாறு. ஏராவிலிருந்து பலகையை ஒவ்வொன்றாகத் தைத்து ஏற்றிக்கொண்டே போவார்கள். உடல் உருவான பிறகுதான் உள்ளே வங்கு வைப்பார்கள். மசூலாவுக்கு அந்த வங்கும் கிடையாது. ஆகவே கலத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது பலகை எவ்வளவு வளையும் என்பதுதான். ஐரோப்பியப் பெட்டியை வாங்கி, கொடியை மாற்றி, சோழர் கப்பல் என்று வைப்பதில் இருக்கிற பிழை புலியால் மறையாது. பிழை கொடியில் இல்லை, எலும்பில் இருக்கிறது.

வடிவத்தைப் பலகை தீர்மானிக்கும் என்பதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை, கணக்காகவே சொல்கிறேன். 24இல் ஒரு பங்கு அளவில் மாதிரி கட்டினால் 24 மீட்டர்க் கலம் ஒரு மீட்டராகும். ஐந்து சென்டிமீட்டர்ப் பலகை இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாகும். தடிமனும் வளைவும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. அதனால் அதே மரத்தை எடுத்தால், வளைக்கும்போது மரநார் படுகிற இழுவை பெரியதிலும் சிறியதிலும் ஒன்றுதான். அணியத்தில், அதாவது கலத்தின் முன்முனையில், வைத்த வளைவுக்குச் சின்னப் பலகை வெடித்தால், பெரிய பலகையும் வெடித்திருக்கும். ‘இப்படியொரு கொழுத்த அணியத்தை இந்தத் தடிமன் பலகையால் தைத்திருக்க முடியாது’ என்று ஆவணம் எதுவும் சொல்லாததை இரண்டு மில்லிமீட்டர் வாகைச் சீவல் சொல்லிவிடும். ஒரே கட்டையில் செதுக்கிய மாதிரி இதைச் சொல்லாது. உளிக்கு எந்த வளைவும் ஒன்றுதான்.

எடையும் அப்படியே. நீளம் 24இல் ஒரு பங்கானால் எடை 13,824இல் ஒரு பங்காகும். சரக்கோடு 100 டன் நீரை விலக்கும் கலத்தின் மாதிரி, ஏழேகால் கிலோவுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். கட்டையில் செதுக்கியதைத் தண்ணீரில் விட்டால் எடை எகிறிவிடும். நீர்க்கோடு எங்கேயோ நிற்கும். பலகை பலகையாகக் கட்டி, உள்ளே மணல் பையை ஏற்றி இறக்கிப் பார்த்தால், எவ்வளவு சரக்குக்கு எவ்வளவு ஆழம், எந்தச் சாய்வில் மீளும், எந்தச் சாய்வில் கவிழும் என்று தெரிந்துகொள்ளலாம். வேகத்துக்கும் கணக்குண்டு: 24இன் வர்க்கமூலம் ஐந்துக்குச் சற்றுக் குறைவு, பெரிய கலத்தின் ஐந்து நாட் வேகம் மாதிரிக்கு ஒரு நாட். 1628இல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் முதல் பயணத்திலேயே கவிழ்ந்த வாசா என்ற போர்க்கப்பல் அழகில் குறைந்ததா? அதன் சிற்பங்களை இன்றும் உலகம் போய்ப் பார்க்கிறது. மேல்கனம் கூடியதுதான் அதற்கு வந்த கேடு.

மாதிரி எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கயிற்றின் வலிமை விகிதத்தில் குறையாது, காற்றும் குறையாது. சின்னப் பாயில் படுகிற காற்றைக் கொண்டு கடாரம் போக எத்தனை நாள் என்று கணக்குப் போட முடியாது. தையல் எத்தனை வருஷம் உப்புநீரில் தாங்கும் என்பதற்கும் அதில் விடை இல்லை. ஆனால் எதில் விடை கிடைக்கும், எதில் கிடைக்காது என்று தெரிந்த கருவிதான் கருவி. அலங்காரப் பொம்மைக்கு இந்த வரம்பே கிடையாது, ஏனென்றால் அது எதையும் சொல்ல வரவில்லை.

இதெல்லாம் ஏட்டுப் பேச்சு என்று நினைப்பவருக்கு நடந்த காரியங்கள் இரண்டு. போரோபுதூர்ச் சிற்பத்தைப் பார்த்து முழு அளவுக் கப்பல் கட்ட முனைந்தபோது, நிக் பர்னிங்ஹாம் என்பவர் முதலில் பால்சா மரத்தில் ஒரு மாதிரி செய்தார். காங்கேயன் தீவுகளின் ஓடாவியான, அதாவது மரக்கலம் கட்டும் தச்சரான, அசாது அப்துல்லா ஏறக்குறைய அந்த மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு தன் ஆட்களோடு கப்பலைக் கட்டினார். 2003இல் ஜகார்த்தாவில் கிளம்பிய அது நன்னம்பிக்கை முனையைச் சுற்றி 2004இல் கானா நாட்டின் அக்ராவுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது நம்முடையது. அஜந்தா ஓவியத்தை அடிப்படையாகக் கொண்டு, கேரளத்து பாபு சங்கரன் தலைமையில் தைத்துக் கட்டிய ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா, 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது. வரைபடம் கிடையாது, எச்சம் கிடையாது, இருந்தது ஒரு சுவரோவியம்தான். அதன் உடல் வடிவத்தைச் சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறை மாதிரி வைத்துச் சோதித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் போர்பந்தரிலிருந்து பாய் விரித்துக் கிளம்பிய கலம், 2026 ஜனவரியில் மஸ்கட்டைத் தொட்டது. இதற்குப் பிறகும் மாதிரி பொம்மைதான் என்பவர், தொட்டியில் மிதந்த பொம்மையின் புண்ணியத்தால் மனிதர்கள் கரை சேர்ந்தார்கள் என்பதற்கு என்ன சொல்வார்?

இனிக் கடல் இல்லாத ஊர் என்ற குறைக்கு வருவோம். அஜந்தா எங்கே இருக்கிறது? கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, தக்காண மலைப் பள்ளத்தாக்கில். போரோபுதூரும் கடற்கரையில் இல்லை, ஜாவாவின் நடு நிலத்தில் இருக்கிறது. இன்று நிபுணர்கள் கப்பல் கட்டக் கையில் எடுக்கும் இரண்டு பெரிய சான்றுகளும் உள்நாட்டுக் கைவினைஞர் வேலையிடத்தில் பிறந்தவை. படையெடுப்பை ஏவிய ராஜேந்திரனே தலைநகரைத் துறைமுகத்தில் வைக்கவில்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்தில் வைத்தான். (காரையிலும் கொளக்காநத்தத்திலும் தரையைச் சுரண்டினால் சுருள்சிப்பிப் புதைபடிவம் வருகிறது, கடல் இங்கேதான் இருந்தது என்று சிலர் வாதாடுவதுண்டு. பத்துக் கோடி ஆண்டுக்கு முந்தைய கடலைச் சாட்சிக்குக் கூப்பிடும் அளவுக்கு என் வழக்கு பலவீனமாக இல்லை.)

கப்பலுக்கு முதலில் வேண்டியது மரம். மரம் கடலில் விளைவதில்லை. பெரம்பலூர் மாவட்டத்துப் பச்சைமலையடியில் அரும்பாவூரும் தழுதாழையும் இருக்கின்றன. 2020இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, மாவிலங்கை, வேம்பு, ஒதி என்று அங்கே உளி படாத மரம் குறைவு. ஒதி பெருத்தால் உத்திரமாகாது, அதைத் தள்ளிவிடலாம். வேம்பு? வல்வெட்டித்துறை ஓடாவிகள் 1930இல் வேப்ப மரத்தில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல், 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை பாய் விரித்துப் போயிருக்கிறது. வங்குக்கு வளைந்து வளர்ந்த கருவேலங் கிளை வேண்டும் என்றால் பெரம்பலூர்க் கரிசல் காட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

கைக்கும் பஞ்சமில்லை. தேர் செய்கிறவருக்கு ஒரு பாகத்தின் அளவிலிருந்து மற்ற பாகங்களின் அளவை எடுக்கத் தெரியும். ஒரு ஆளுயரச் சிலையை ஒரு சாண் சிலையாக்கும்போது எது கெடும் என்று தெரியும். கேரளத்துப் பேப்பூரில் உரு என்னும் மரக்கப்பல் கட்டும் மேஸ்திரிகள் காகித வரைபடமே இல்லாமல் கண்ணளவிலும் மனக்கணக்கிலும் கட்டிப் பேர் வாங்கியவர்கள். வரைபடம் இல்லாவிட்டால் மாதிரியும் இல்லை என்பவர்கள் அங்கே ஒரு நாள் நின்று பார்க்கலாம். அதே பேப்பூரில் உருவின் சிறு மாதிரிகள் பரிசுப் பொருளாகவும் விற்கின்றன. அவற்றை வாங்குகிறவர் உண்மையான உருவின் சாயலையாவது வீட்டுக்குக் கொண்டுபோகிறார்.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு, அதை நான் மறுக்கப் போவதில்லை. அரும்பாவூர்க் கை கழித்துக் காணும் கை. கட்டைக்குள் இருக்கிற உருவத்தை வெளியே கொண்டுவரும் கை. ஓடாவியின் கை அதற்கு நேரெதிர். பலகையைச் சேர்த்துச் சேர்த்து உருவத்தைக் காணும். பலகையை நனைத்துச் சூடுகாட்டி வளைப்பது, விளிம்போடு விளிம்பு பொருத்தித் துளையிட்டுத் தேங்காய் நார்க் கயிற்றால் தைப்பது, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி இடுக்கை அடைப்பது எல்லாம் அங்கே புதிதாகக் கற்க வேண்டியவை. கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பக்கம் தோணி கட்டிய வயதான ஓடாவிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்து வந்து ஆறு மாதம் அரும்பாவூர்ப் பட்டறையில் உட்கார வைப்பது, சிலை திறப்பு விழா ஒன்றுக்குப் பந்தல் போடுகிற செலவில் முடிந்துவிடும்.

விற்குமா என்பதுதான் கடைசியாக வரும் கேள்வி. ஆரம்பத்திலேயே மனசில் இருப்பதும் அதுதான். மொரீஷியசில் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய கப்பல் மாதிரித் தொழில் கியூர்பீப்பிலும் குட்லண்ட்சிலும் பட்டறைகளாக வளர்ந்து, உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்களுக்கு அனுப்புகிறது. ஐரோப்பிய அருங்காட்சியக வரைபடங்களை வாங்கி, பலகை பலகையாகக் கட்டி, கயிற்றின் முடிச்சுவரை சரியாக வைப்பதால்தான் அவர்களுக்கு விலை. சரியாக இருப்பதே அங்கே சரக்கு. நம் மாநில அரசின் கைவினைக் கடைகளுக்குப் பெயரே பூம்புகார்; துறைமுகத்தின் பெயரைச் சூடிக்கொண்ட கடையில், நம் கடலில் ஓடிய கலத்தின் மாதிரி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மலிவான பொம்மையும் விற்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அதற்குச் சோழர் பெயரைப் போடுவதை நிறுத்தலாம்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் அருங்காட்சியகம் கட்டப்போவதாக மாநில அரசு அறிவித்திருக்கிறது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கப்பல் நிற்கப்போவது நிச்சயம். எந்தக் கப்பல் என்பதை இப்போதே பேசிவிடுவது நல்லது. ஒன்று வைக்க வேண்டாம். தைத்த உடல், ஆணி அடித்த உடல், மர ஆப்பும் கட்டும் கொண்ட தென்கிழக்காசிய முறை உடல் என்று மூன்று வையுங்கள். மூன்றையும் ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரியில் நீர் நிற்கும் மாதத்தில் மிதக்கவிட்டு, எது எப்படி நின்றது என்று எழுதிப் பக்கத்தில் வையுங்கள். ஒருபக்கம் பலகை மூடாமல் உள்கட்டு தெரியட்டும். சான்று உள்ள பாகத்தைக் கருத்த வாகையிலும், ஊகமாக வைத்த பாகத்தை வெளிறிய மாவிலங்கையிலும் செய்தால், பள்ளிப் பிள்ளைக்கும் எது தெரிந்தது, எது தெரியாதது என்று பார்த்தவுடன் விளங்கும். தொடக்கத்தில் வெளிறிய மரம்தான் அதிகமாக இருக்கும். கடலடியிலோ வயலடியிலோ புதிதாக ஒரு கலம் கிடைக்கும்போது சில பலகைகளைக் கழற்றி மாற்ற வேண்டிவரும். அந்த மாற்று வேலையும் அதற்கான கூலியும் அரும்பாவூர்ப் பட்டறைக்கே என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.